104-ல் நிற்கும் முள்

ஐந்து பொத்தான்களில் ஒன்றை அழுத்தினால் ஒரு சத்தம் வரும். ‘டக்’ என்று எழுதினால் அதில் பாதிதான் வந்து சேரும். பழைய தேக்கு அலமாரியின் இழுப்பறையைத் தள்ளும்போது கடைசி விரற்கடையில் அது தானாகவே போய்ப் பொருந்துமே, அந்தச் சத்தம். முதலில் விரலுக்கு ஓர் எதிர்ப்பு தெரியும். அழுத்த அழுத்த அது கூடும். பிறகு சட்டென்று விலகும். உள்ளே ஒரு சட்டம் புரளும், கண்ணாடிக்குப் பின்னால் முள் ஓடிப்போய் 101-ஐத் தாண்டி நிற்கும், அதே கணத்தில் ஒரு பாட்டு சரணத்தின் நடுவிலிருந்து ஆரம்பிக்கும். இன்றைய காரில் திரையைத் தொட்டாலும் அதே பாட்டு வரும். விரலுக்குத்தான் ஒன்றும் கிடைப்பதில்லை.

கார் 1978-ஆம் வருடத்து மெர்சிடிஸ் 240டி. டபிள்யு123 என்று கார்க்காரர்கள் சொல்லும் வரிசை. என் மாமா ஒரு தூதரகக் காரை ஏலத்தில் எடுத்து இருபது வருடம் ஓட்டி, பிறகு என்னிடம் கொடுத்தார். அதோடு பிறந்த ரேடியோ, பெக்கர் யூரோப்பா ஸ்டீரியோ. கார் என் கைக்கு வந்தபோது அது டேஷ்போர்டில் இல்லை. தொண்ணூறுகளில் யாரோ ஒரு கடைக்காரர் அதைப் பிடுங்கிவிட்டு, விளக்குகள் ஓடும் கேசட் பிளேயர் ஒன்றை மாட்டியிருந்தார். பின்னால் போன வயர்களையெல்லாம் அறுத்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார். நல்லவேளை, டேஷ்போர்டை அறுக்கவில்லை. அதைவிட நல்லவேளை, மாமா பழைய செட்டைத் தூக்கிப் போடாமல், செய்தித்தாளில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். ‘அது காரோட வாய்டா. அதை எப்படித் தூக்கிப் போடறது?’ என்றார்.

அன்று அந்தக் காகிதத்தைப் பிரித்தபோது முதலில் கண்ணில் பட்டது பொத்தான்களின் முகம். எந்த அலைவரிசைக்கு எந்தப் பொத்தான் என்று ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து இருக்கும். பண்பலைக்கு யு, மத்திய அலைக்கு எம், லாங் வேவுக்கு எல். எம் எழுத்து பாதி தேய்ந்துபோயிருந்தது. எத்தனையோ காலை ஏழேகால் செய்திகளுக்கு அழுத்திய கட்டைவிரலின் தேய்மானம். எல் மட்டும் நேற்று அச்சடித்த மாதிரி பளிச்சென்று இருந்தது. இந்தியாவில் லாங் வேவ் ஒலிபரப்பு கிடையாது. ஐரோப்பாவின் நெடுஞ்சாலைகளுக்காக வைத்த அந்தப் பொத்தானை மெட்ராஸில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

காருக்குள் ரேடியோ என்பது எவ்வளவு பெரிய ஆசையாக இருந்தது என்பதை இப்போது நினைத்துப் பார்ப்பது சிரமம். 1930-ல் அமெரிக்காவில் பால் கால்வின் தன் காரில் ஒரு ரேடியோவைப் பொருத்தி அட்லாண்டிக் சிட்டியில் நடந்த வானொலி உற்பத்தியாளர் மாநாட்டுக்கே ஓட்டிக்கொண்டு போனார். மோட்டரோலா என்ற பெயர் அப்படிப் பிறந்ததுதான். 1932-ல் ஜெர்மனியில் பிளாபுங்க்ட் கொண்டுவந்த முதல் கார் ரேடியோ சுமார் 15 கிலோ எடை, 465 மார்க் விலை. ஒரு சிறிய காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. வால்வு ரேடியோவுக்கு உயர் மின்னழுத்தம் வேண்டும், கார் பேட்டரி தருவதோ 6 வோல்ட். அதனால் உள்ளே வைப்ரேட்டர் என்ற ஒரு கருவி தேனீபோல ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். 1955-ல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் முழுக்க டிரான்சிஸ்டரிலேயே ஒரு கார் ரேடியோவைக் கொண்டுவந்த பிறகுதான் அந்த ரீங்காரம் மெல்ல ஓய்ந்தது.

பெக்கர் இதே கதையின் ஜெர்மன் கிளை. போருக்குப் பிறகு மாக்ஸ் எகோன் பெக்கர் தொடங்கிய நிறுவனம். தொழிற்சாலை இட்டர்ஸ்பாக்கில், கார்ல்ஸ்ரூவுக்கும் ஃபோர்ட்ஸ்ஹைமுக்கும் நடுவில். ஃபோர்ட்ஸ்ஹைம் நகை வேலைக்கும் கடிகார வேலைக்கும் பேர்போன ஊர். செட்டைத் திறந்து பார்க்கிற யாருக்கும் அந்த அக்கம்பக்கம் நினைவுக்கு வராமல் போகாது. 1953-ல் அவர்கள் கொண்டுவந்த ‘மெக்சிகோ’ பண்பலையும் பிடிக்கும், நிலையத்தைத் தானாகவும் தேடும். முந்தைய வருடம் மெக்சிகோவின் கரேரா பானமெரிக்கானா பந்தயத்தில் மெர்சிடிஸ் ஜெயித்ததை ஒட்டி வைத்த பெயர் அது. ஓடும்போது ஒரு பிணந்தின்னிக் கழுகு முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து விழுந்த பந்தயம். மோன்சா, ஆவுஸ், லெ மான், கிராண்ட் பிரீ என்று பிற செட்டுகளுக்கும் பந்தயப் பெயர்கள்தான். எங்கள் வீட்டுக்கு வந்தது ‘யூரோப்பா’. பந்தயக் காரன் அல்ல, நாள்தோறும் ஆபீஸ் போய்வருகிறவன்.

திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கும் பாயிடம் செட்டைக் கொண்டுபோனேன். எழுபதைத் தாண்டியவர். வால்வு செட் காலத்திலிருந்து ஈயம் உருக்குகிறவர். செட்டை வாங்கியதும் திருப்புளியை எடுக்கவில்லை. கையில் வைத்து எடை பார்த்தார், இரண்டு குமிழையும் மெல்லத் திருப்பினார், ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக் காதருகே கொண்டுபோய்க் கேட்டார்.

“மெக்கானிசம் உயிரோட இருக்கு சார். எலெக்ட்ரானிக்ஸ் அப்புறம் பாத்துக்கலாம்.”

மேல் தகட்டைக் கழற்றிய பிறகு நான் அங்கிருந்து நகரவே இல்லை. வீட்டு ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்க கேங் கன்டென்சர் இருக்கும்; அலுமினியத் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று விசிறிபோல நுழைந்து வெளியேறும். குலுங்கும் காரில் அந்தத் தகடுகள் அதிரும், ஸ்டேஷன் நழுவும். அதனால் கார் ரேடியோக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். பென்சில் முனை அளவுள்ள ஃபெரைட் குச்சிகள் சில, ஒரே சட்டத்தில் வரிசையாகக் கோத்து, அதே எண்ணிக்கையிலான செப்புக் காயில்களுக்குள் சேர்ந்தே நுழைந்து சேர்ந்தே வெளியேறும். குச்சி எவ்வளவு ஆழம் போகிறதோ அதற்கேற்ப அலைவரிசை மாறும். குமிழைத் திருப்பினாலும் பொத்தானை அழுத்தினாலும் கடைசியில் நடப்பது அந்தக் குச்சிகளின் பயணம்தான். பாய் மெல்லத் திருப்பினார். எல்லாம் ஒன்றாக, ஒரு மயிரிழை முந்தாமல் பிந்தாமல் நகர்ந்தன. கோயில் வாசலில் மேளக்காரர்கள் ஒரே அடியில் நடந்து வருவதைப் பார்த்த மாதிரி இருந்தது.

பொத்தான்களின் ரகசியம் இன்னும் அழகு. ஒவ்வொரு பொத்தானின் பின்னாலும் ஒரு சின்னப் பித்தளைத் துண்டு, சாய்ந்த விளிம்போடு. அதன் சாய்வு ஒரு கவ்வியில் இறுகியிருக்கிறது. பொத்தானை வெளியே இழுத்தால் கவ்வி தளரும். இப்போது குமிழால் விரும்பிய நிலையத்தைப் பிடித்துவிட்டுப் பொத்தானை முழுக்க உள்ளே அழுத்தினால், டியூனர் சட்டம் எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அந்தக் கோணத்துக்குப் பித்தளைத் துண்டு சாய்ந்து, அப்படியே இறுகிக்கொள்ளும். அடுத்த முறை பொத்தானைத் தட்டும்போது அந்தச் சாய்வு சட்டத்தைத் தள்ளி, மீண்டும் அதே கோணத்தில் நிறுத்தும். அவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், சிப்பு வேண்டாம். பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் மறக்காது. டிரங்குப் பெட்டிக்குள் இருந்த வருடங்களில் இந்தச் செட் ஒன்றையும் மறக்கவில்லை. பாய் மத்திய அலைப் பொத்தானை அழுத்தினார். முள் 700-க்கும் 750-க்கும் நடுவில் போய் நின்றது. சென்னை வானொலியின் முதல் அலைவரிசை, 720 கிலோஹெர்ட்ஸ். பேர் தெரியாத அந்தத் தூதரக டிரைவர் வைத்துவிட்டுப் போன இடம் அது. அதை மாற்ற வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பிறகுதான் மின்சாரம். இவ்வளவு வருடம் தூங்கிய செட்டை நேராகப் பேட்டரியில் மாட்டுவது கொலைக்குச் சமம். பாய் காரின் பிரேக் லைட் பல்பு ஒன்றைச் சீரிஸில் போட்டார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து, அத்தனை கரன்டையும் தானே விழுங்கிக்கொள்ளும், செட் பிழைக்கும். பல்பின் இழை மங்கலாகச் சிவந்து அடங்கியது. ஸ்பீக்கரில் முதலில் ஒரு ஹம். அதற்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு பெண் குரல் செய்தி வாசித்தது.

ஹம்முக்குக் காரணம் வயது. எலெக்ட்ரோலிட்டிக் கன்டென்சருக்குள் ஒரு திரவம் இருக்கும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அது காய்ந்துகொண்டேதான் இருக்கும். அதை மாற்றாமல் தீராது. ஆனால் எத்தனையை மாற்றுவது? இதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி பலகையில் உள்ள அத்தனை கன்டென்சரையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றும். பாய் அந்தக் கட்சி அல்ல, நானும் அல்ல. அவர் மீட்டரை வைத்து ஒவ்வொன்றாக அளந்தார். பதினொன்று தேறவில்லை. அவற்றை மட்டும் எடுத்தார். புதிதாக வந்தவற்றின் கால்களைப் பழையவற்றின் கால்கள் வளைந்திருந்த அதே கோணத்தில் வளைத்து வைத்தார். எடுத்தவற்றை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தார். நாற்பது வருடத்துக்கு முன் ஜெர்மனியில் யாரோ வைத்த ஈயப் பற்றுகளில் அவர் தொட வேண்டியிராதவை இன்னும் அப்படியே மின்னுகின்றன. ஒரு பொருளின் உள்ளே அதைச் செய்தவரின் கைத்தடம் இருக்குமென்றால் அது இதுதான். தேவையில்லாமல் அதை உருக்கி எடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

பத்து வருடம் மூத்த செட்டாக இருந்திருந்தால் இன்னொரு வினோதம் காத்திருக்கும். அறுபதுகளின் ஏஎஃப்116, ஏஎஃப்117 மாதிரி ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களின் உலோகக் குப்பிக்குள், காலப்போக்கில் கண்ணுக்குத் தெரியாத உலோக மயிர்கள் முளைக்கும். அவை வளர்ந்து உள்ளிருக்கும் பாகத்தைத் தொட்டதும் டிரான்சிஸ்டர் மௌனமாகிவிடும். குப்பியோடு இணைந்த நான்காவது காலை வெட்டிவிட்டால் பல நேரம் உயிர் திரும்பும். பாய் அப்படி எத்தனையோ செட்டைப் பேசவைத்திருக்கிறார்.

வால்யூம் குமிழைத் திருப்பும்போது வந்த கரகரப்பு ஒரு துளி கான்டாக்ட் கிளீனரில் போயிற்று. அதன் பிறகு வந்தது இந்தச் செட்டின் பெயரில் இருக்கும் ‘ஸ்டீரியோ’. பண்பலை நிலையம் இடது வலது இரண்டையும் ஒரே அலையில் அனுப்புகிறது. அதோடு 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு பைலட் சிக்னலும் வரும், நம் காதுக்கு எட்டாத உயரத்தில். அந்தச் சிக்னலைச் செட் கண்டுகொண்டால்தான் இரண்டையும் பிரித்துக் கொடுக்கும். எங்கள் செட் அதைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டு ஸ்பீக்கரும் ஒரே விஷயத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தன. பாய் பிளாஸ்டிக் திருப்புளியால் ஒரு சின்னத் திருகைத் தொட்டார். உலோகத் திருப்புளி அருகே வந்தாலே காயிலின் கணக்கு மாறிவிடும், அதனால்தான் பிளாஸ்டிக். கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகியிருப்பார். மேஜை மேல் ஓர் அடி இடைவெளியில் வைத்திருந்த இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில், பாடுகிறவர் வந்து நின்றார். வயலின்கள் இடப்பக்கம் ஒதுங்கின. சுவர் ஒன்று விலகி அறை பெரிதானது போல இருந்தது. பாய் திருப்புளியை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு முதலில் ஆரம்பித்ததே மெட்ராஸில்தான், 1977 ஜூலையில். அதற்கடுத்த வருடம் பிறந்த கார் இது. அதே 1978-ல்தான் இளையராஜாவின் ‘ப்ரியா’ பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவாகி வந்தன. ஆனால் அன்று பெரும்பாலோர் அந்தப் பாடல்களை மத்திய அலையில், ஒற்றைக் குரலாகத்தான் கேட்டிருப்பார்கள். செட் காருக்குத் திரும்பிய வாரம் ஒரு மத்தியானம், அடையாறு பாலத்தில் சிக்னலுக்காக நின்றபோது அந்தப் படத்தின் பாட்டு ஒன்று வந்தது. ஒரே வயதுக்காரர்கள் இருவர் சந்தித்துக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு.

ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. செட்டுக்கு எல்லா மரியாதையும் செய்துவிட்டு ஸ்பீக்கரைப் புதிதாக வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. அது பாட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டு மைக்கை மாற்றுவதுபோல. இந்தக் காரில் முன் ஸ்பீக்கர்கள் டேஷ்போர்டின் இரண்டு ஓரங்களிலும் மேல்நோக்கி இருக்கும். ஒலி முதலில் முன்கண்ணாடியில் போய்ப் பட்டு, அங்கிருந்துதான் நம்மிடம் வரும். அந்தக் கண்ணாடியும் கம்பளி இருக்கையும் கூரைத் துணியும் சேர்ந்ததுதான் அந்த ஒலியின் நிறம். இதைக் கணக்குப் போட்டே செய்து காட்டியவர் அமர் போஸ். வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன ஒருவரின் மகன். 1983 மாடல் காடிலாக் செவில், ப்யூக் ரிவியேரா போன்ற கார்களுக்காக டெல்கோவோடு சேர்ந்து அவருடைய நிறுவனம் செய்த அமைப்பில், ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளும் தனி ஆம்ப்ளிஃபையர். அந்தந்தக் காரின் உள்வடிவத்துக்கு ஏற்ப ஒலியைத் திருத்தி வைத்திருந்தார்கள். அந்தக் கார்களில் ஒரு ஸ்பீக்கர் போனால் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்பீக்கரை வைக்க முடியாது. வைத்தால் முழுக் கணக்கும் கலையும். எங்கள் 240டியில் அவ்வளவு கணக்கு கிடையாது. ஆனாலும் பிறவியிலேயே வந்த ஜோடி என்று ஒன்று உண்டு.

கோன் காகிதம் ஓரத்தில் நைந்து கிழிந்திருந்தது. காந்தமும் இரும்புக் கூடும் நன்றாக இருந்தன. ரிச்சி தெருவுக்குப் பக்கத்தில் கோன் போடுகிற ஒருவர் செய்து கொடுத்தார். வாய்ஸ் காயில் காந்தத்தின் இடுக்குக்குள் எங்கும் உரசாமல் நடுவில் நிற்க வேண்டும். அதற்கு அவர் பழைய எக்ஸ்ரே படத்தை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையே நான்கு பக்கமும் சொருகினார். யாருடைய விலா எலும்போ அதில் தெரிந்தது. பசை காயும்வரை அந்தக் கீற்றுகள் காயிலைப் பிடித்துக்கொண்டு நின்றன. மறுநாள் அவற்றை உருவிவிட்டு, கோனை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல அமுக்கி விட்டார். சத்தமே இல்லை. ஒரு டார்ச் பேட்டரியை வயரில் தொட்டுக் காட்டினார். கோன் ஒரு நூல் அளவு முன்னால் வந்தது. இரண்டும் ஒரே பக்கம் அசைய வேண்டும்; ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போனால், அடித்தொண்டைச் சத்தமெல்லாம் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

அந்தத் தவறு நடக்காமலிருக்க ஜெர்மன்காரர்கள் ஒரு பிளக் வைத்திருந்தார்கள். ஒரு முனை தட்டை, ஒரு முனை உருண்டை. மாற்றிச் சொருக முடியாது. தொண்ணூறுகளில் அந்தக் கடைக்காரர் அறுத்துப் போட்டது அந்தப் பிளக்குகளைத்தான். புதிதாகத் தேடி அலைந்து கிடைக்காமல் போய், கடைசியில் பாய் தன் பரணிலிருந்த ஒரு பழைய ரெக்கார்டு பிளேயரின் ஸ்பீக்கர் வயரிலிருந்து இரண்டை எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

டீசல் காரில் ரேடியோ வைத்திருப்பவருக்கு ஒரு பாக்கியம் உண்டு. பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறை பொறி விடும்போதும் ரேடியோவில் ‘டிக்டிக்’ என்று விழும். அதை அடக்கக் கன்டென்சரும் தனி வயரும் வேண்டும். டீசலில் பொறியே இல்லை. எஞ்சின் எவ்வளவு சத்தம் போட்டாலும் ஏரியலுக்கு அது ஊமை. அதனால் மத்திய அலை இந்தக் காரில் வருகிற சுத்தத்தோடு வேறு எந்தக் காரிலும் நான் கேட்டதில்லை. அதற்கும் கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. ஏரியலுக்கும் செட்டுக்கும் பொருத்தம் பார்க்க ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைக் கடையில் வைத்துத் திருக முடியாது. இந்தக் காரின் ஏரியலோடு, வலுவற்ற ஒரு நிலையத்தை வைத்துத்தான் திருக வேண்டும். ஓர் இரவு பத்து மணிக்கு கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டி ஓரமாக நிறுத்தி, மதுரை வானொலியை, 1269 கிலோஹெர்ட்ஸில், இரைச்சலுக்கு நடுவில் பிடித்தேன். இரவானால் மத்திய அலை வானத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் வரும். டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு திருகைத் தொட்டேன். நாகஸ்வரம். ஒரு பக்கம் திருக மங்கியது. மறுபக்கம் திருக, இரைச்சல் பின்வாங்கி, நாகஸ்வரம் முன்னால் வந்தது; இன்னும் கொஞ்சம் திருக, மறுபடி மங்கியது. அந்த உச்சியைத் தேடி முன்னும் பின்னும் பத்து முறை போய்வந்தேன். நின்ற இடத்தில் தவிலின் இடந்தலைகூடத் தனியாகக் கேட்டது.

இதற்கு முன்பே பாயின் கடையில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. முதல் முறை உயிர் வந்தபோது 101.4-ல் வர வேண்டிய ரெயின்போ பண்பலை, டயலில் 99-ஐத் தாண்டி நின்றது. வயதானதில் ஆசிலேட்டர் நழுவியிருந்தது. அதைச் சரிசெய்யும்போது என் மகள் பக்கத்தில் இருந்தாள். “அப்பா, 106.4 வராதா?” என்றாள். ஹலோ எஃப்எம். அந்தக் காலத்து ஜெர்மன் செட்டுகள் பலவற்றைப் போல எங்களுடையதும் 104-ல் முடிகிறது. அதற்கு மேல் உள்ள பண்பலை அன்று அங்கே ஒலிபரப்புக்கு இல்லை. பாய் கொஞ்சம் யோசித்தார்.

“கொண்டுவரலாம் பாப்பா. காயிலைத் திருகி எல்லாத்தையும் கீழ தள்ளினா 106 வந்துடும். ஆனா 101 வந்து 99-ல நிக்கும். முள்ளு பொய் சொல்லும்.”

இலங்கையில் இதையே வேறு வடிவத்தில் பார்க்கலாம். ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்களின் ரேடியோ 76-லிருந்து 90 வரைதான் பிடிக்கும். ஜப்பானின் பண்பலை அன்று அங்கேதான் இருந்தது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஏரியல் வயரில் ஒரு சின்னக் கன்வெர்ட்டர் போட்டு, மேலே இருப்பதைக் கீழே இறக்கிக் கேட்பார்கள். வேறு ரேடியோ வாங்க முடியாதவருக்கு அது நல்ல வழி. டயலில் 84 என்று காட்டும்போது மனசுக்குள் கூட்டிக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மீட்டெடுப்பது வேறு விஷயம். ஒரு செட்டை மீட்டெடுப்பதில் எனக்கு முதல் வேலை, டயலில் அச்சடித்த எண்ணும் காற்றில் வரும் எண்ணும் மறுபடி ஒன்றாவது. ஒலி இனிமை அதற்கு அப்புறம். மகளுக்கு இதைச் சொன்னேன். அவள் டயலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்போ 101-ஏ இருக்கட்டும்” என்றாள். ஹலோ எஃப்எம்மை வீட்டில் கேட்டுக்கொள்கிறாள்.

நண்பர் ஒருவரின் காரில் கேசட்டோடு வந்த மெக்சிகோ செட் இருக்கிறது. அதன் கதை வேறு. உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் உருகித் தாராகி, சக்கரங்களில் அப்பிக்கொண்டிருந்தது. ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தே ஒரு நாள் போயிற்று. கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகர்கிறது. நாடாவைப் படிக்கும் ஹெட்டின் இடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. அந்த இடுக்கு நாடாவுக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு நூல் சாய்ந்தாலும் ஜாலரா, சலங்கை, பாடகியின் ‘ஸ’ எல்லாம் போர்வைக்குள் போய்விடும். ஹெட்டின் பக்கத்துத் திருகைப் பாய் சுற்றியபோது போர்வை விலகியதைக் கேட்டேன். அவர் தொண்ணூறுகளில் டப் செய்த ஒரு கேசட்டைப் போட்டிருந்தார். அட்டையில் அவர் கையெழுத்து.

பழைய முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ப்ளூடூத் பலகையைப் பொருத்தித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை சுத்தமாகத்தான் செய்கிறார்கள். உயிர் போய், உதிரிபாகமும் கிடைக்காத செட்டுக்கு அது சரி. நடக்கக்கூடிய செட்டுக்கு அதைச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் குச்சிகளின் ஊர்வலத்தைப் பார்த்த கையோடு அவற்றைக் குப்பையில் போட எப்படி மனசு வரும்? டயலுக்குப் பின்னால் எல்ஈடி வைக்கச் சொன்னவர்களும் உண்டு. பழைய சிறு பல்புதான் வைத்திருக்கிறேன். அதன் மஞ்சள், ஸ்பீடோமீட்டரின் மஞ்சளோடு சேரும். தேய்ந்த எம் எழுத்தையும் மறுபடி எழுதவில்லை. அந்தக் கட்டைவிரலுக்கு அது சேர வேண்டிய மரியாதை.

செட்டை வாங்கப் போன கடைசி நாளில் பாய் ஒரு சிக்னல் ஜெனரேட்டரை மாட்டிக்கொண்டிருந்தார். பண்பலை முடிந்தது, மத்திய அலை முடிந்தது, இப்போது எல். “இதுல ஒண்ணும் வராதே பாய்” என்றேன். ஜெர்மனியிலேயே டாய்ச்லாண்ட்ஃபுங்க் தன் லாங் வேவ் ஒலிபரப்பை 2014 டிசம்பர் 31-ஆம் தேதி நிறுத்திவிட்டது. அவர் தலையை அசைத்தார், கையை நிறுத்தவில்லை. ஜெனரேட்டரில் 200 கிலோஹெர்ட்ஸ் வைத்தார். முள்ளை 200-க்குக் கொண்டுபோனார். பிளாஸ்டிக் திருப்புளியால் ஒரு திருகு, இன்னொரு திருகு. ஸ்பீக்கரில் மெல்லிய ‘ஊ’ என்ற ஒற்றைச் சுருதி ஏறி, நிறைந்து, நின்றது. எல் பொத்தானை வெளியே இழுத்து, முழுக்க உள்ளே அழுத்தினார். பிறகு ஜெனரேட்டரை அணைத்தார்.

சில இரவுகளில் வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகு அந்தப் பொத்தானை அழுத்துகிறேன். முள் ஓடிப்போய் 200-ல் நிற்கிறது. மழைச் சத்தம் மாதிரி ஓர் இரைச்சல் வருகிறது.